பதினைந்து கிலோவும் ஒரு பிடியும்

1

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பீடோங்கில் எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் திடலில், என் மகள் தர்ஷினி என்னைத் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டு நூறு மீட்டர் ஓடினாள். என் எடை எழுபத்தெட்டு கிலோ. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடி புல்லில். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் தலைகீழாகத் தொங்கியதில்லை. கோட்டைத் தாண்டியதும் என்னை மெதுவாக இறக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"டைம் ஓகே லா ப்பா. ஆனா நீங்க சிரிச்சிக்கிட்டே ஆடுறீங்க. அடிபட்டவரு சிரிக்கமாட்டாரு."

அடிபட்ட சிப்பாயைத் தூக்கி வருவது அவளுடைய ராணுவத் தேர்வில் ஒரு பகுதி. அடிபட்டவராக நடிக்க எங்கள் வீட்டில் தகுதியான எடை எனக்குத்தான் இருந்தது.

இதை லெட்சுமியக்கா பார்த்துவிட்டார். இருபது வருடமாக எங்கள் கடையில் சாமான் வாங்குகிறவர். மோட்டார் சைக்கிளில் காலைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர் கண்ணில் பட்டது ஓடுகிற தர்ஷினியும் தொங்குகிற என் கால்களும்தான். வண்டியை முறுக்கிக்கொண்டு போய், "கடைக்காரத் தம்பி விழுந்துட்டாரு, மகதான் தூக்கிக்கிட்டு ஓடுது" என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு கடைக்கு வருவதற்குள் வாசலில் பதினோரு பேர். கைகளில் ஆரஞ்சுப் பழம், சத்துமாவு டின். ஒருவர் கோயிலில் நின்று திருநீற்றுப் பொட்டலமே வாங்கி வந்திருந்தார்.

என் மனைவி சரஸ்வதி மட்டும் அசையவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டாள்.

"மக தூக்குனாளா?"

"தூக்குனா."

"கீழ போட்டாளா?"

"போடல."

"அப்ப என்னா? போயி குளிங்க."

நோயாளியைப் பார்க்கவென்று கொண்டு வந்த பழத்தைத் திருப்பி எடுத்துப் போனால் நோயாளிக்கு ஆகாது என்று ஒருவரும் எடுத்துப் போகவில்லை. நோயே இல்லாத நோயாளி ஒரு வாரம் ஆரஞ்சு தின்றேன்.

2

நம் ஊர் மலர் இதழுக்கு வருடம் ஒரு முறை எழுதுகிறேன், நான் மலேசியாவின் கெடாவில் வந்து இறங்கிய நாளை ஒட்டி. இது இருபத்தேழாவது வருடம். தாய்மாமாவின் மளிகைக் கடைக்கு ஒத்தாசையாக வந்தவன், தோட்டத்தில் வளர்ந்த சரஸ்வதியைக் கட்டிக்கொண்டு, மாமாவுக்குப் பிறகு கடையையும் எடுத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். வழக்கமாக இந்த ஊர் மழை, செம்பனைத் தோட்டம், ரொட்டி சனாய் என்று எதையாவது எழுதுவேன். நீங்களும் பொறுமையாக வாசிப்பீர்கள். இந்த வருடம் அதற்கெல்லாம் இடமில்லை, மன்னிக்கவும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தர்ஷினிக்கு இருபத்து மூன்று வயது. மலேசிய ராணுவத்தில் அலுவலகப் பிரிவில் இரண்டு வருடமாக இருக்கிறாள். முகாம் ஜித்ராவையும் தாண்டி வடக்கே. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதால் வியாழன் மாலையானால் பேருந்தேறி வந்துவிடுவாள். 'மகள் ராணுவத்தில் இருக்கிறாள்' என்று நான் சொல்லும்போது நெஞ்சு நிமிரும். 'ஆபீஸ் வேலைதான்' என்று சேர்த்துச் சொல்லும்போது நெஞ்சு ஆறும். இரண்டும் ஒரே வேலையில் கிடைத்தால் ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை, காலணியைக் கழற்றும்போதே சொன்னாள். சண்டைப் பிரிவு ஒன்றுக்குப் பெண்களும் மனுப் போடலாமாம். பெண்ணுக்கென்று தனி அளவு கிடையாது. ஆண் சுமப்பதைச் சுமக்க வேண்டும், ஆணுக்குக் கொடுத்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

"கொஞ்சம் கொறைச்சுக் கேட்டாத்தான் என்னம்மா?" என்றேன், கடைக்காரன் புத்தியோடு.

"எதுக்குக் கொறைக்கணும்? அங்க அடிபட்டுக் கெடக்கிறவன் என்னப் பாத்ததும் வெயிட்டு கொறைஞ்சிருவானா?"

அவள் தமிழில் ஆரம்பித்து மலாயில் முடிப்பவள். கோபம் வந்தால் முழுக்க மலாய்தான். அன்று முழுக்கத் தமிழிலேயே சொன்னாள். அதனால் முடிவு செய்துவிட்டாள் என்று புரிந்தது.

முதல் தேர்வுக்கு அவள் போன அன்று காலை நான் முருகன் கோயிலுக்குப் போனேன். போய், "இவள் தேறக் கூடாதப்பா, ஆபீஸிலேயே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். ஆமாம், பெற்ற மகள் தோற்க வேண்டும் என்று சூடம் ஏற்றினேன். எல்லாவற்றிலும் தேறியவள், பதினைந்து கிலோ பையைச் சுமந்து வேகநடை போகும் பகுதியில் ஒன்றரை நிமிடம் பிந்திவிட்டாள். ஒருவருக்கு இரண்டு வாய்ப்புதான். அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு வாய் வைக்கவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் தட்டைப் பார்க்க முடியாமல் கடைக்குள் போய்ச் சீனி மூட்டையை இடம் மாற்றி வைத்தேன்.

3

இரண்டாவது தேர்வுக்கு முன்னால் ஒரு காகிதப் போர் நடந்தது. இந்தப் பிரிவுக்கு மனுப் போட்டால் பெற்றோரின் பூர்வீகம் வரை பார்க்கிறார்கள். சரஸ்வதி இங்கே பிறந்தவள், தொல்லையில்லை. நான் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டைக்காரன். நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை. பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வா என்றார்கள். ஊரிலிருந்து என் அக்கா மல்லிகா எடுத்து அனுப்பினாள்.

நம் காலத்துச் சான்றிதழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயர் உண்டு, தாய் பெயர் உண்டு, தெரு உண்டு. குழந்தை என்ற இடத்தில் பெயரே இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும். அலுவலகக் கவுண்டரில் இருந்த அம்மாள் மொழிபெயர்ப்பை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்.

"இந்த ஆண் யார்?"

"நான்தான்."

"எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். இருபத்தேழு வருடம் பேசிய மலாய் அந்த இடத்தில் காலை வாரிவிட்டது. "அம்மா சொன்னார்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மெர்கோங்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் சத்தியப் பிரமாணம் எழுதித் தருபவர் இருக்கிறார், போய் வாருங்கள் என்றார். நானும் தர்ஷினியும் போனோம். நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, 'மேற்படி ஆண் குழந்தை நானே' என்று மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டேன்.

படி இறங்கும்போது தர்ஷினி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "கங்ராட்ஸ் ப்பா. ஆம்பளப் புள்ளயாம்."

மெர்கோங் கடைத்தெருவில் தூணைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

4

பயிற்சிப் பை என் பொறுப்பு. முதல் தேர்வில் தோற்ற வாரமே அவளுடைய முதுகுப்பையைக் கடைக்குக் கொண்டு வந்து வைத்தாள்.

"ப்பா, சரியா பதினஞ்சு கிலோ. உங்க தராசுல நிறுத்துப் போடுங்க."

அரிசியைத் துணிப்பையில் கொட்டி, நிறுத்து, முதுகுப்பைக்குள் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் கடையிலிருந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டு, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் போய்த் திரும்பி வருவாள். வந்ததும் பை மறுபடி கடையில் என் காலடியில் இருக்கும். இருபது வெள்ளிக்கிழமை இப்படி நடந்தது. வரவர அவள் முனகல் கூடியது. "என்னமோ தெரியல ப்பா, வாரா வாரம் கனக்குது." நான், "தூக்கம் பத்தாது ஒனக்கு" என்பேன். "முட்டை சாப்பிடு" என்பேன்.

ஒரு நாள் சரஸ்வதி, "எங்க, குடு" என்று அந்தப் பையை வாங்கி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் தோட்டத்தில் பால்மரம் சீவியவள் அவள். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் ரப்பர்ப் பால் நிறைந்த வாளி, கீழே சேறு, மேலே கொசு.

"நாங்கெல்லாம் பால் தூக்கினப்ப எவன் டைம் பாத்தான்? லாரி போயிடும்னு ஓடுவோம், அவ்வளவுதான்" என்றாள் மகளிடம். "தோள்ல தூக்காத. இடுப்புல தூக்கு. வாரை இறுக்கிக் கட்டு." அன்றிலிருந்து தர்ஷினியின் நடை மாறியது. அந்த ஆறு வருடத்தைப் பற்றி அதுவரை நான் சரஸ்வதியிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உறைத்தது என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ராணுவம் இப்போது புதிதாகவா அளவு வைக்கிறது? நம் ஊர் அம்மன் கோயில் முன்னால் கிடக்கும் இளவட்டக்கல் வேறென்ன? அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவன்தான் ஆம்பளை என்று வைத்திருந்தோம். பெரிதும் சிறிதுமாகக் கிடந்தவற்றில் நான் நடுக்கல்லை முழங்கால் வரை கொண்டு வந்தவன். அதற்கு மேல் போகாததால்தான் விமானம் ஏறிவிட்டேன் என்று நீங்கள் இன்றும் கேலி பேசுவது என் காதுக்கு வருகிறது. பேசுங்கள். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

எனக்கு அப்போது பதினைந்து வயது, மல்லிகா அக்காவுக்குப் பதினேழு. ஊரே படுத்துக் கிடந்த ஒரு மத்தியானம். நான் நடுக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுத்து வந்த அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "தள்ளுல" என்றாள். தாவணியை இழுத்துச் செருகினாள். கல்லை மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குப் பின்னால் போட்டாள். தரை அதிர்ந்தது என் உள்ளங்காலில் தெரிந்தது. கைதட்ட வேண்டிய நான், "யார்ட்டயும் சொல்லிராத, எனக்கு அசிங்கமாப் போயிரும்" என்றேன். அவளும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊராரே, மேற்படி கல்லைத் தூக்கியது மல்லிகாவே. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். மெர்கோங்குக்குப் போய் மூன்று பிரதியில் எழுதி வாங்கவும் தயார்.

5

தேர்வு நாளன்று கடையைப் பூட்டிவிட்டு நானும் சரஸ்வதியும் ஜித்ராவுக்குக் காரில் போய்விட்டோம். முகாமுக்குள் விடமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஊருக்குள் சாலையோரச் சாப்பாட்டுக் கடையான ஓர் ஒட்டுக்கடையில் ஏழரை மணிக்கு உட்கார்ந்தோம். எட்டு மணிக்கு அடிபட்டவரைத் தூக்குதல், ஒன்பதுக்கு வேகநடை என்று நேரத்தை நான் மனப்பாடம் செய்திருந்தேன். பதினோரு மணிக்குள் நான்கு கோப்பை தே தாரேக் தேநீர் குடித்துவிட்டேன். சரஸ்வதி ஒன்றே ஒன்றை ஆறவைத்துக் குடித்தாள். இந்த முறை கோயிலுக்குப் போகவில்லை. முருகனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாற்றிக் கேட்பது?

பதினொன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது.

"ப்பா. என் பைக்குள்ள என்ன போட்டீங்க?"

"அரிசி. பாஸா?"

"எவ்ளோ அரிசி?"

"பதினஞ்சு கிலோ. பாஸாம்மா இல்லையா?"

"உண்மையச் சொல்லுங்க ப்பா."

"தர்ஷினி! பாஸா இல்லையான்னு மொதல்ல சொல்லு!"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறேழு பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். சரஸ்வதி தொலைபேசியைப் பிடுங்கி, ஒரு நொடி கேட்டுவிட்டு, "பாஸ்" என்றாள். பரோட்டாக் கல் முன்னால் நின்றவரின் கையைப் பிடித்து நான் குலுக்கியதாகச் சரஸ்வதி பிறகு சொன்னாள். அவர் கையில் மாவு இருந்ததாம்.

முகாமுக்கு வெளியே வந்து காரில் ஏறிய பிறகு தர்ஷினி நடந்ததைச் சொன்னாள். காலையில் எல்லோருக்கும் பை கொடுத்திருக்கிறார்கள். இவள் தூக்கிப் பார்த்திருக்கிறாள். இலகுவாக இருந்ததாம்.

"எனக்குத் தாக்குட், பயமாயிடுச்சு. தப்பான பேக் குடுத்துட்டாங்க, அப்புறமா செல்லாதுன்னு சொல்லிருவாங்கன்னு நெனச்சி, சார்ஜன்கிட்ட போயி, 'சார்ஜன், இது வெயிட்டு பத்தாது'ன்னேன். அவரு என்னைய ஏற எறங்க பாத்தாரு. ரெண்டு வாட்டி நிறுத்தாரு. பதினஞ்சேதான். பசங்கெல்லாம் என்னைய பைத்தியம்னு நெனச்சிட்டானுங்க. எக்ஸ்ட்ரா வெயிட்டு கேக்குற பொண்ணு!"

இருபத்திரண்டு பேரில் நான்காவதாக வந்திருந்தாள். நேரத்துக்கு மூன்று நிமிடம் மிச்சம்.

பீடோங் வந்து கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பயிற்சிப் பையைத் தராசில் ஏற்றினாள். பதினெட்டுக் கிலோ அறுநூறு கிராம்.

மூவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். சரஸ்வதிதான் முதலில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொசுறு!"

எடை சரியாக நின்ற பிறகும், கொடுக்கும் சாமானில் ஒரு பிடி அள்ளிப் போடாமல் என் கை ஓயாது. மாமா கடையில் படிந்த பழக்கம். கொசுறு இல்லாத சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு. வெள்ளிக்கிழமை தவறாமல் மகள் பையை எடுக்கும்போது, அவள் வாரைச் சரிசெய்யும் நேரத்தில், என் கை தன்பாட்டுக்கு ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டிருக்கிறது. இருபது வாரமும். எனக்கே தெரியாமல்.

6

தர்ஷினி சிரிக்கவில்லை. பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உண்மையாவே கொசுறா ப்பா? இல்ல, நான் முடியாம விட்டுரணும்னு போட்டீங்களா?"

அந்தக் கேள்வி எனக்கு நன்றாக வலித்தது. வலிக்கவும் வேண்டும். கை செய்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் மனது செய்த வேலை ஒன்று இருந்ததே. கோயிலில் சூடம் ஏற்றியதைச் சொன்னேன். "நீ தோக்கணும்னு வேண்டிக்கிட்டேம்மா. மொத தடவ. பயந்து போயி. இந்த அரிசி அப்படியில்ல. சத்தியமா இது வெறும் கை."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ மொத தடவ நான் ஃபெயிலானது முருகனாலயா?"

"முருகனுக்கு வேற வேல இல்ல?" என்றாள் சரஸ்வதி. "நீ வாரை லூசா கட்டியிருந்த."

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வந்ததும் எனக்கு வந்தது. சாமான் வாங்க வந்த லெட்சுமியக்கா வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் என்னா தம்பி ஆச்சு?" என்று பயந்தார். அந்தப் பதினெட்டுக் கிலோ அறுநூறு கிராமையும் மறுநாள் சர்க்கரைப் பொங்கலாக்கித் தெரு முழுக்கக் கொடுத்தோம். அவர்தான் இரண்டு முறை வாங்கிப் போனார்.

7

போன வெள்ளிக்கிழமை, புதிய பிரிவுக்கான படிவங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் குஷியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை அளவு, காலணி அளவு என்று ஒவ்வொன்றையும் உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி. ஏதாவது நேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? ஒரு பெயர்தான் எழுதலாம்.

அதை மட்டும் நான் வாசிக்கவில்லை. அவளே வாசித்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா பேரைப் போடுறேன் ப்பா. கோவிச்சிக்காதீங்க. அம்மா தாங்குவாங்க. நீங்க தாங்கமாட்டீங்க."

கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கோபிக்க என்ன இருக்கிறது? எழுபத்தெட்டுக் கிலோ ஆள், ஒரு வரிக்குத் தகுதி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாள் துள்ளிய சந்தோஷத்துக்கு அடியில் அந்தப் பயம் அப்படியேதான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. உங்களிடம் மறைப்பானேன்.

சமையலறையிலிருந்து சரஸ்வதி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என் பேரைப் போடாத. அப்பா பேரைப் போடு."

"மா, அவரு அழுவாரும்மா."

"அழுவாரு. அழுதுக்கிட்டே செய்ய வேண்டியது அத்தனையும் செய்வாரு. இருபத்தஞ்சு வருசமா பாக்குறேன். நான் தாங்குவேன்னுதான் நீ நெனைக்கிற. நான் அப்படியே நின்னுருவேன், தெரியுமா? ஓடுறது இவருதான்."

தர்ஷினி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதே கண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது.

"தோ, பாத்தியா" என்றாள் சரஸ்வதி.

தர்ஷினி குனிந்து என் பெயரை எழுதினாள். எழுத்தெழுத்தாக, பெரிதாக எழுதினாள். பிறகு நிமிராமலே, "ஐசி நம்பர் சொல்லுங்க ப்பா" என்றாள். சொன்னேன். நடுவில் இரண்டு எண் மாறிவிட்டது. மறுபடி சொன்னேன், அதுவும் தப்பு. மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை சரியாகச் சொன்னேன்.